துவக்கோடு ஆப்பிரிக்காவுக்கு: கொழும்பிலிருந்து போகிறவர்களுக்கான முழுமையான பயண வழிகாட்டி

கொழும்பிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கோ நமீபியாவுக்கோ ஒரே பறப்பில் போய் இறங்க முடியாது. துபாய், தோகா, அபுதாபி என்று எங்காவது மாறித்தான் போக வேண்டும். வெறும் சூட்கேஸோடு போகிறவருக்கு அது கோப்பி குடித்துக் காத்திருக்கிற நாலைந்து மணித்தியாலம். வேட்டை ரைபிளோடு போகிறவர் அங்கே மூன்றாவது ஒரு நாட்டின் சுடுகலன் சட்டத்துக்குள் போய்விடுகிறார். நம்மில் பலர் புறப்படும் நாட்டின் கடதாசியையும் போய்ச் சேரும் நாட்டின் கடதாசியையும் சரியாக எடுத்துவிட்டு, நடுவில் இருக்கும் நாட்டை மறந்துவிடுகிறோம்.

"நான் அந்த நாட்டுக்குள்ளேயே போகவில்லையே, சும்மா கடந்துதானே போகிறேன்" என்று கேட்கலாம். 2012இல் கென்யாவிலிருந்து துபாய்க்குப் போகிற வழியில் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்த ஒரு கொள்கலனில் 359 யானைத் தந்தங்கள் பிடிபட்டன. அவை இலங்கைக்கென்று அனுப்பப்பட்டவையல்ல. ஆனாலும் 2016 ஜனவரியில் காலிமுகத்திடலில் வைத்து எல்லாவற்றையும் நொறுக்கினார்கள். அது கள்ளக் கடத்தல், நீங்கள் செய்யப்போவது சட்டப்படியான பயணம். ஆனால் கடந்து போகிற பொருளுக்கும் கடக்கிற நாட்டின் சட்டம் உண்டு என்ற விதி இரண்டுக்கும் ஒன்றுதான்.

முதலில்: துவக்கைக் கொண்டுபோகத்தான் வேண்டுமா?

என் அபிப்பிராயம், முதல் பயணத்துக்கு வேண்டாம்.

இலங்கையில் அனுமதிப்பத்திரத்தோடு இருக்கும் துவக்குகளில் பெரும்பாலானவை காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்கக் கொடுத்த, '12 போர்' என்ற குழல் அளவுள்ள சிதறுரவைத் துவக்குகள். குடு மானோ இம்பாலா மானோ 150 மீற்றர் தூரத்தில் நிற்கும்போது அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. தென்னாப்பிரிக்காவின் 2000ஆம் ஆண்டு சுடுகலன் கட்டுப்பாட்டுச் சட்டம், அனுமதி உள்ளவரின் நேரடிக் கண்காணிப்பில் அவருடைய துவக்கை இன்னொருவர் பயன்படுத்த இடம் கொடுக்கிறது. அதனால் வேட்டை நிறுவனங்கள் .308, .30-06, .375 என்ற குழல் அளவுகளில் நல்ல ரைபிள்களை தொலைநோக்கியோடும் ரவையோடும் வாடகைக்குக் கொடுக்கின்றன. வாடகை அவர்களுடைய விலைப்பட்டியலிலேயே இருக்கும். அதையும், நீங்கள் ஓடித் திரியப்போகும் அலுவலகங்களின் எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கொண்டுபோவதில் நியாயம் உள்ளவர்களும் இருக்கிறார்கள். சொந்த ரைபிளோடு வருடக்கணக்காகப் பழகிய இலக்குச் சுடுநர்கள் ஒரு பகுதி. இடது கைக்காரர்கள் இன்னொரு பகுதி: இடப்பக்க போல்ட் (ரவையை அறைக்குள் தள்ளிப் பூட்டும் கைபிடிப் பாகம்) உள்ள ரைபிள் வாடகைக்குக் கிடைப்பது கஷ்டம். நீங்கள் அந்த வகை என்றால் மேலே படியுங்கள். வாடகைக்கு எடுக்கிறவர்களுக்கும் பாதை, சுகாதாரம், திரும்பி வருதல் பற்றிய பகுதிகள் உதவும்.

நாடும் மாதமும்

கென்யா வேண்டாம். அங்கே 1977 முதல் வேட்டைக்குத் தடை. தென்னாப்பிரிக்கா, நமீபியா, சிம்பாப்வே, சாம்பியா, தன்சானியா, மொசாம்பிக் ஆகியவற்றில் அனுமதி உண்டு. பொட்ஸ்வானா 2014இல் தடை போட்டு 2019இல் நீக்கியது. முதல் தடவை போகிறவருக்குத் தென்னாப்பிரிக்கா சுலபம்: அதற்கான தூதரகம் கொழும்பிலேயே இருக்கிறது, வேட்டை நிறுவனங்கள் ஏராளம், விமான நிலையத்தில் சுடுகலனுக்கென்றே பொலிஸ் பிரிவு உண்டு.

காலம் மே முதல் செப்டெம்பர் வரை. அங்கே அது குளிர்காலம், புல் காய்ந்து கிடக்கும், மிருகம் கண்ணுக்குத் தெரியும். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்துக்கொண்டு மெல்லிய சட்டைகளோடு போய் இறங்கினால் விடியற்காலை திறந்த ஜீப்பில் பல் கிட்டும். கம்பளித் தொப்பியும் கையுறையும் கட்டாயம்.

உடுப்பு எடுக்கும்போது இன்னொன்று. இராணுவத்தின் புள்ளி உடுப்பு மாதிரி எதையும் எடுக்காதீர்கள். சிம்பாப்வேயிலும் சாம்பியாவிலும் பொதுமக்கள் அதை அணியக் கூடாது. ஏன் என்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ஒரே நிறத்தில் காக்கி அல்லது பச்சை போதும்.

கொழும்பில் எடுக்க வேண்டிய கடதாசிகள்

பயணத்துக்குக் குறைந்தது நாலு மாதம் முன்பே தொடங்குங்கள்.

இலங்கையில் சுடுகலன் விவகாரம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிறது. அனுமதிப்பத்திரம் ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 31உடன் முடிகிறது. ஆகவே வேறு எதற்கும் முன், இந்த வருடப் புதுப்பித்தல் முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். நாட்டுக்கு வெளியே கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர பாதுகாப்பு அமைச்சின் எழுத்துமூல அனுமதி வேண்டும். அந்தக் கடிதத்தில் துவக்கின் உற்பத்தியாளர், ரகம், குழல் அளவு, தொடர் இலக்கம், கொண்டுபோகும் ரவைகளின் எண்ணிக்கை, போகும் திகதி, வரும் திகதி எல்லாம் இருக்க வேண்டும். மாறப்போகும் விமான நிலையத்தின் பெயரையும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். துபாயிலோ தோகாவிலோ கடிதத்தை வாசிப்பவர் முதலில் தேடுவது தன் ஊரின் பெயரைத்தான்.

கொள்கை நடுவழியில் மாறவும் கூடும். 2024 ஒக்டோபரில் பாதுகாப்பு அமைச்சு, தற்பாதுகாப்புக்காகக் கொடுத்த துவக்குகளை நவம்பர் 7க்கு முன் மீள்பரிசீலனைக்காக ஒப்படைக்கும்படி அறிவித்தது. அப்படி ஒன்று உங்கள் பயண மாதத்தில் வந்தால் என்ன செய்வது? அதனால்தான் வேட்டை நிறுவனத்துக்கு முற்பணம் கட்டும்போதே, "எனக்குத் துவக்கு அனுமதி கிடைக்காவிட்டால் வாடகைத் துவக்கு தருவீர்களா" என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

அனுமதிப்பத்திரம் சிங்களத்தில் இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கில மொழிபெயர்ப்பு எடுங்கள். பிறகு பத்தரமுல்லை சுஹுருபாயவில் இருக்கும் கொன்சியூலர் பிரிவில் சான்றுப்படுத்திக்கொள்வது புத்தி. தொடர் இலக்கத்தை மொழிபெயர்ப்பிலும் துவக்கிலும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பூச்சியமா ஆங்கில 'ஓ'வா, ஒன்றா 'ஐ'யா என்ற குழப்பம் ஜொகனஸ்பர்க் பொலிஸ் மேசையில் ஒரு முழுப் பகலைத் தின்றுவிடும்.

தென்னாப்பிரிக்கப் பக்கத்துக்கு அந்நாட்டுப் பொலிஸின் எஸ்ஏபிஎஸ் 520 என்ற படிவம். தற்காலிகமாகத் துவக்கைக் கொண்டுவருவதற்கான விண்ணப்பம் அது. கறுப்பு மையால் நிரப்புங்கள். கையெழுத்தை மட்டும் வெறுமையாக விடுங்கள். அதை அங்கே அதிகாரியின் கண்முன்தான் போட வேண்டும். இதோடு கடவுச்சீட்டுப் பிரதி, திரும்பி வரும் டிக்கெட், அனுமதிப்பத்திரம், நாட்டிலிருந்து சட்டப்படி கொண்டுவந்ததற்கான கடிதம், வேட்டை நிறுவனத்தின் அழைப்புக் கடிதம் எல்லாம் வேண்டும். வயது 21க்குக் குறைந்தவர் விண்ணப்பிக்க முடியாது. அரைத் தானியங்கித் துவக்கு ஆகாது. ஒரே குழல் அளவில் இரண்டு துவக்கும் ஆகாது. வேட்டை நிறுவனம் மூலமாக முன்கூட்டியே அனுமதி எடுக்கும் வசதி உண்டு, அதற்குப் பல வாரம் வேண்டும். எடுத்துவிடுங்கள். பத்து மணித்தியாலத்துக்கு மேல் பறந்த களைப்போடு வரிசையில் நின்று விளக்கம் சொல்வதைவிட அது எவ்வளவோ மேல்.

பாதையும் டிக்கெட்டும்

இந்தப் பகுதியைத்தான் ஆறுதலாக வாசிக்க வேண்டும்.

கட்டுநாயக்கவிலிருந்து துபாய்க்கோ தோகாவுக்கோ ஏறக்குறைய 5 மணித்தியாலம். அங்கிருந்து ஜொகனஸ்பர்க் 8 மணித்தியாலத்துக்கு மேல். சிங்கப்பூர் வழியாகவும் போகலாம், ஆனால் கிழக்கே போய்த் திரும்பி மேற்கே வரும் பாதை அது. அங்கே துவக்கு கடந்து போகவும் பொலிஸ் அனுமதி கேட்பார்கள். மும்பை வழி மலிவாகத் தெரியும். துவக்கு இருந்தால் நான் அந்தப் பக்கமே திரும்ப மாட்டேன்.

முதல் விதி: ஒரே டிக்கெட். கொழும்பிலிருந்து ஜொகனஸ்பர்க் வரை ஒரே முன்பதிவு, முடிந்தால் ஒரே விமான நிறுவனம். வெள்ளவத்தையில் டிக்கெட் போடப் போனால் இப்படி ஒரு பேச்சு வரும்:

"அண்ணே, துபாய் வரைக்கும் ஒண்டு, அங்கயிருந்து வேற ஒண்டு எண்டு போட்டா நல்ல குறைவா வரும்."

"வேண்டாம் தம்பி. ஒரே டிக்கெட்டாப் போடுங்கோ. பெட்டி கடைசி வரைக்கும் போகோணும்."

இரண்டு டிக்கெட் என்றால் துபாயில் பெட்டியை எடுத்து மறுபடி கொடுக்க வேண்டும். பெட்டியை எடுக்கக் குடிவரவைத் தாண்ட வேண்டும். தாண்டிய நிமிடத்தில் நீங்கள் அனுமதியில்லாமல் அந்த நாட்டுக்குள் துவக்கு கொண்டுவந்தவர். உடுப்புப் பெட்டி என்றால் அலைச்சலோடு போகும். இது சிறை வரைக்கும் போகும்.

அடுத்தது, மாறும் இடத்தில் எவ்வளவு நேரம்? சாதாரணப் பயணி ஒன்றரை மணித்தியாலத்தில் ஓடிப் பிடித்துவிடலாம். துவக்குப் பெட்டி தனியாகக் கையாளப்படும், அங்குள்ள பாதுகாப்புப் பிரிவு பார்த்து விடுவிக்க வேண்டும். நீங்கள் ஓடிப் பிடித்தாலும் பெட்டி பிடிக்காது. 4 மணித்தியாலத்துக்குக் குறைய வேண்டாம். அதேநேரம் 20 மணித்தியாலம் இருக்கிறது, ஊர் பார்க்கலாம், ஹோட்டலில் தங்கலாம் என்ற யோசனையும் வேண்டாம். இடைவெளி நீண்டால் பெட்டியை உங்களிடமே திருப்பித் தந்துவிடும் வாய்ப்பு இருக்கிறது; பிறகு மேலே சொன்ன சிக்கல்தான். என் கணக்கில் 4 முதல் 8 மணித்தியாலம் நல்ல அளவு. ஊர் பார்க்க ஆசை என்றால் அதைத் துவக்கில்லாத வேறு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஜொகனஸ்பர்க்கில் இறங்கிய அன்றே உள்நாட்டு விமானம் போடாதீர்கள். துவக்கை நாட்டுக்குள் நுழையும் முதல் விமான நிலையத்திலேயே விடுவிக்க வேண்டும். அதற்கு ஒரு மணித்தியாலமும் ஆகலாம், நாலு மணித்தியாலமும் ஆகலாம். ஒரு இரவு அங்கே தங்குங்கள், துவக்கைப் பூட்டி வைக்கும் பெட்டகம் உள்ள விடுதியா என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். காட்டுக்குச் சின்ன விமானத்தில் போகிறவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும்: அந்த விமானங்கள் பல 15 கிலோ அளவில், மடங்கக்கூடிய பையை மட்டுமே ஏற்கும். நீண்ட வன்பெட்டியை ஏற்ற முன்பே பேசி வைக்க வேண்டும்.

விமான நிறுவனத்தின் சம்மதமும் ரவைக் கணக்கும்

டிக்கெட் எடுத்த கையோடு விமான நிறுவனத்துக்கு எழுதுங்கள். தொலைபேசியில் "ஓம், கொண்டுபோகலாம்" என்று சொல்வதற்குக் கவுண்டரில் பெறுமதி இல்லை. முன்பதிவு இலக்கத்தோடு, துவக்கின் விபரத்தோடு, மாறும் நாட்டின் அனுமதியும் எடுத்தாயிற்று என்று சொல்லும் மின்னஞ்சல் பதில் வேண்டும். அதை அச்செடுங்கள். போகும் பறப்புக்கும் வரும் பறப்புக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். வரும் பறப்பை மறந்துவிட்டுத் தவிப்பவர்கள் உண்டு.

ரவைக்கு உலகம் முழுக்க ஒரு வரம்பு இருக்கிறது: ஒருவருக்கு, பொதியின் எடையும் சேர்த்து 5 கிலோ. நண்பருடைய 5 கிலோவையும் சேர்த்து ஒரே பொதியில் 10 கிலோ என்று போட முடியாது. தென்னாப்பிரிக்கா ஒரு துவக்குக்கு 200 ரவை வரை விடுகிறது. ஆனால் ஒரு .30-06 ரவை ஏறக்குறைய 26 கிராம். 200 ரவை 5 கிலோவைத் தாண்டிவிடும். .375 என்றால் ஒன்று 40 கிராம் அளவு. நிஜத்தில் ஒரு வார வேட்டைக்கு 40 முதல் 60 ரவை தாராளம். குறி பார்த்துச் சரிசெய்யச் செலவாகும் ரவைகளும் அதில் அடக்கம்.

பெட்டி கட்டுதல்

கடினமான பெட்டி, இரண்டு பக்கமும் பூட்டு, சாவி உங்கள் சட்டைப்பையில். போல்ட்டைக் கழற்றி அதே பெட்டியில் வையுங்கள்; கைப்பையில் கொண்டுபோனால் பாதுகாப்புச் சோதனையில் அது துவக்கின் பாகம். ரவை தொழிற்சாலைப் பெட்டியிலோ ஒவ்வொன்றும் தனிக்குழியில் நிற்கும் பெட்டியிலோ இருக்க வேண்டும், துவக்கோடு சேர்க்காமல். வேட்டைக் கடையின் ஸ்டிக்கரை வெளியே ஒட்டாதீர்கள்.

இப்போது மிக முக்கியமான ஒன்று. கைப்பையைத் தலைகீழாகத் தட்டுங்கள். பிறகு ஒவ்வொரு பக்கப்பையையும் உள்ளே வெளியே திருப்பி, தையல் ஓரத்தில் விரல் விட்டுத் தடவுங்கள். சுடும் பயிற்சிக்குக் கொண்டுபோன பை என்றால், கிழிந்த உட்துணிக்குள் ஒரு ரவையோ வெறும் கோதோ வழுகிப் போயிருக்கும். கையில் படாது, எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். ஆயிரம் ரூபா பெறாத அந்தப் பித்தளைத் துண்டு உங்களைக் கட்டுநாயக்கவிலோ துபாயிலோ பொலிஸ் அறையில் உட்கார வைக்கும். பெட்டியில் இருக்கும் ரைபிளுக்கு எல்லா அனுமதியும் இருந்தாலும் இதற்கு இல்லை. நல்லது, சுடப்போகும் பையைக் கைப்பையாக எடுக்காமலே விடுவது. பயிற்சிக்குப் போட்ட ஜக்கெட்டும் அப்படித்தான். திரும்பி வரும்போது ஞாபகத்துக்கென்று வெறும் கோது எடுத்து வரும் ஆசையும் வேண்டாம்.

கைப்பையில் மூலக் கடதாசிகள், மருந்து, ஒரு நாள் உடுப்பு. பழகிய சப்பாத்தைக் காலிலேயே போட்டுக்கொண்டு ஏறுங்கள். பெட்டி இரண்டு நாள் பிந்தினால் வாடகைத் துவக்கு கிடைக்கும், கால் பழகிய சப்பாத்துக் கிடைக்காது. பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும். எமிரேட்ஸில் 2025 ஒக்டோபர் 1 முதல் 100 வாட்-மணிக்கு உட்பட்ட ஒன்று மட்டும் கொண்டுபோகலாம், பறக்கும்போது பயன்படுத்த முடியாது. ஃபோனை முன்பே முழுதாக ஏற்றிவிடுங்கள்.

புறப்படும் நாள்

வீட்டிலிருந்து கட்டுநாயக்க வரையும் ஒரு பயணம்தான். இந்த நாட்டில் துவக்கு என்ற சொல்லின் பாரம் நமக்குத் தெரியாததல்ல, அதுவும் தமிழ்ப் பெயரோடு நடுச்சாமத்தில் வாகனத்தில் கொண்டுபோகும்போது. உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்துக்கு முன்பே அறிவித்துவிடுங்கள். அனுமதிக் கடிதத்தின் பிரதி வாகனத்திலேயே, எட்டும் தூரத்தில் இருக்கட்டும். வழியில் மறித்தால் பெட்டியைத் திறக்க நீங்களாக அவசரப்படாமல், முதலில் கடதாசியை நீட்டுங்கள்.

விமான நிலையத்துக்கு 5 மணித்தியாலம் முன் போய்விடுங்கள். வாசலிலேயே சொல்லுங்கள். கவுண்டரில் "துவக்கு இருக்கிறது" என்று சத்தமாகச் சொல்லாமல், விமான நிறுவனத்தின் கடிதத்தை முன்னால் வைத்தால் போதும். தனி இடத்துக்குக் கூட்டிப்போவார்கள். பெட்டி திறக்கும், துவக்கின் ரவை அறை வெறுமை என்று காட்ட வேண்டும், ஒருவர் தொடர் இலக்கத்தை வாசிப்பார், மற்றவர் கடிதத்தில் விரல் வைத்து ஒப்பிடுவார். அவர்கள் சொன்னால் ஒழிய நீங்கள் துவக்கில் கை வைக்காதீர்கள். சுங்கத்திலும் காட்டி, தொடர் இலக்கம் பதிந்த ஒரு தாளை வாங்கி வையுங்கள். திரும்பி வரும்போது இது புதிதாக இறக்கிய துவக்கு இல்லை என்பதற்கு அதுதான் கையில் இருக்கும் சாட்சி.

பெட்டியில் ஒட்டும் பட்டியில் கடைசி விமான நிலையத்தின் குறியீடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நகருங்கள். மாறும் விமான நிலையத்தில் இறங்கியதும் மாற்றுப் பயணிகள் மேசைக்குப் போய், பெட்டி அடுத்த விமானத்துக்குப் போகிறதா என்று கேளுங்கள். ஏறும் வாயிலில் இன்னொரு தடவை கேளுங்கள்.

இறங்கிய பிறகு

ஜொகனஸ்பர்க்கின் ஓ.ஆர். தம்போ விமான நிலையத்தில் துவக்குப் பெட்டி சாதாரணப் பட்டியில் வராது, பொலிஸின் சுடுகலன் அலுவலகத்துக்குப் போகும். அங்கே போய்ப் படிவத்தில் கையெழுத்திட்டு, தொடர் இலக்கத்தைச் சரிபார்த்து அனுமதித்தாளை வாங்க வேண்டும். அந்தத் தாளை அந்த இடத்திலேயே வாசியுங்கள்: பெயர், இலக்கம், ரவை எண்ணிக்கை, முடியும் திகதி. பிழை இருந்தால் அங்கேயே திருத்தலாம், வெளியே வந்த பிறகு முடியாது. சுமை தூக்க உதவுகிறேன் என்று வருபவர் யாராக இருந்தாலும் பெட்டியைக் கொடுக்காதீர்கள்.

நேரம் நம்முடையதைவிட 3.30 மணித்தியாலம் பின்னுக்கு. முதல் நாள் விடியச் சாமத்திலேயே முழிப்பு வரும். வேட்டைக்குப் போகிறவருக்கு அது ஒரு வசதி.

ஊசியும் மாத்திரையும்

துபாய், தோகா வழியில் மஞ்சள் காய்ச்சல் பிரச்சினை இல்லை. நைரோபி அல்லது அடிஸ் அபாபாவில் 12 மணித்தியாலத்துக்கு மேல் தங்கினால் தென்னாப்பிரிக்கா தடுப்பூசி அட்டை கேட்கும். அந்த நாடுகளிலிருந்து வந்தால் இலங்கையும் கேட்கும். ஊசி கொழும்பு பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் போடலாம். போட்டு 10 நாளுக்குப் பிறகுதான் அட்டை செல்லும், அதன் பின் ஆயுளுக்கும் செல்லும்.

மலேரியா வேறு கதை. லிம்போபோவின் வடக்கு, க்ரூகர் பக்கம், சாம்பியா, தன்சானியா எல்லாம் மலேரியாப் பகுதி. நாரஹேன்பிட்டியில் மலேரியாத் தடை இயக்கத்தின் அலுவலகம் இருக்கிறது. போகும் நாட்டைச் சொன்னால் தடுப்பு மாத்திரையை இலவசமாகவே தருவார்கள். மாணிக்கக் கல்லுக்காக மடகஸ்கார் போய்வரும் பேருவளை வியாபாரிகள் பலருக்கு இந்த அலுவலகம் பழக்கமானது. மாத்திரையைத் திரும்பி வந்த பிறகும் சொன்ன நாள் வரைக்கும் குடிக்க வேண்டும்.

திரும்பி வருதல்

ரவையைக் கூடியமட்டும் அங்கேயே முடித்துவிடுங்கள். மிச்சம் இருந்தால் எண்ணிக்கை கடதாசிக்குள் அடங்க வேண்டும். வரும் பறப்பிலும் அதே 4 முதல் 8 மணித்தியால இடைவெளி, அதே கடிதம், அதே பூட்டு. கொம்பு, தோல், காய்ந்த இறைச்சி எதையும் பெட்டிக்குள் போடாதீர்கள். தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய சர்வதேச உடன்படிக்கை), மிருகத் தொற்றுத்தடை என்று மூன்று பக்கத்திலிருந்தும் கேள்வி வரும். கொம்பு வேண்டும் என்றே நிற்பவர்கள் வனசீவராசிகள் திணைக்களத்தில் போவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு, பதப்படுத்துபவர் மூலமாகக் கப்பலில் எடுக்கட்டும். எனக்கென்றால் படம் போதும்.

கட்டுநாயக்கவில் சிவப்பு வழியால் வந்து, சுங்கத் தாளையும் அமைச்சின் கடிதத்தையும் காட்டுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு வருடத்துக்குள் காய்ச்சல் வந்தால், ஆப்பிரிக்கா போய்வந்ததை டொக்டரிடம் முதல் வசனமாகவே சொல்லுங்கள். இலங்கை 2016இல் மலேரியா இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது. கொழும்பில் காய்ச்சல் என்றதும் எல்லோரும் டெங்கைத்தான் நினைப்பார்கள். மலேரியாவுக்கும் சேர்த்து இரத்தம் பார்க்கச் சொல்லி நீங்களே கேட்க வேண்டும்.